குறைமாதப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ள யார், எங்கே, எத்தனை மணி நேரம்? நான்கு ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

“சிசேரியன் முடிஞ்சு ஏழு நாள் ஆச்சுக்கா. என்னை டிஸ்சார்ஜ் பண்ணுதாங்க, பிள்ளை மட்டும் பெட்டியில இருக்கு. வீட்டுக்குப் போயிட்டு தினம் வந்து பார்த்துக்கிடவா, இல்ல இங்கேயே கிடக்கவா?”

கேரள எல்லையை ஒட்டிய புளியரையிலிருந்து ஒரு பெண் போன மாதம் கேட்டது இது. அதே வாரத்தில் செங்கோட்டையிலிருந்து ஒரு தகப்பன்: “1,700 கிராம்தான் இருக்கு, வீட்டுக்குக் கொண்டுபோகலாங்காங்க. சரின்னு சொல்லவா?”

மூன்று வருஷம் முன்பு என் தங்கைக்கு 31 வாரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. எடை 1,380 கிராம். ஆடி மாதம், வெளியே சாரல். 36 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதிலிருந்து இந்த வட்டாரத்தில் யாருக்குக் குறைமாதப் பிள்ளை பிறந்தாலும் போன் எனக்கு வந்துவிடுகிறது. நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பிள்ளைக்கு என்ன வைத்தியம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் கேட்பது வைத்தியமே இல்லை. யார் வேலையை விடுவது, எங்கே தங்குவது, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்கிற வீட்டுக் கணக்கு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

## மணிக்கணக்கு எதற்கு

பிள்ளையைத் துணியில்லாமல், டயப்பரும் குல்லாவும் காலுறையும் மட்டும் போட்டு, தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்த்திப் படுக்கவைத்துத் துணியால் கட்டிக்கொள்வதைத்தான் கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஆரம்பித்தது. இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டி போதாமல் ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட்டு, தொற்றில் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்த இடம் அது. வழியில்லாமல் செய்த காரியம், பெட்டி இருக்கிற ஊர்களிலும் நல்லது என்று பிறகு தெரிந்தது.

முன்பெல்லாம் பிள்ளை தேறிய பிறகு ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொடுப்பார்கள். 2021-ல் வெளியான ஓர் ஆய்வு அந்த வழக்கத்தையே மாற்றிவிட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகள். இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு பிரிவுக்குப் பிறந்த உடனேயே தொடங்கி நாளுக்குக் கிட்டத்தட்ட 17 மணி நேரம் நெஞ்சுச் சூடு கிடைத்தது. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. தீவிர சிகிச்சையில் இருந்த நாட்களில் நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் நெஞ்சில் இருந்தார்கள். முதல் 28 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 12, இரண்டாவதில் 15.7. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வருஷம், 2022 நவம்பரில், உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையில் எழுதியது: பிறந்ததிலிருந்து, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம், முடிந்த அளவு கூடுதலாக.

எட்டு மணி நேரம் என்பது ஒரு ஆள் முழுநாள் வேலைக்குப் போகிற நேரம். அதுவும் கீழ் எல்லை. பெற்று ஒரு வாரம் ஆன பெண்ணிடம் அதைச் சொல்லிவிட்டு நாம் விலகிவிட முடியாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது நேரம். நாளுக்கு எத்தனை மணி என்பதோடு, ஒரு தடவை வைத்தால் எவ்வளவு நேரம் தொடர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும் அதற்கு ஒரு அலைச்சல். சூடு இறங்கும், மூச்சும் கொஞ்சம் தடுமாறும். தூங்கி எழும் ஒரு சுற்று முடியவே ஒரு மணி நேரம் ஆகும். அதனால்தான் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறார்கள். பத்து தடவை அரைமணி நேரம் வைப்பதைவிட மூன்று தடவை இரண்டு மணி நேரம் வைப்பது நல்லது.

அப்புறம் பால். குறைமாதப் பிள்ளைக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் வேண்டும். அது தாய் பக்கத்தில் இருந்தால் ஒரு கதை, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வேறு கதை.

தாயின் உடம்பு, தொற்று, செலவு, வீட்டில் விட்டுவந்த மற்றவர்கள், இந்த நான்கும் அதற்குப் பின். செலவு என்றதும் எல்லோரும் பில்லைத்தான் பார்க்கிறார்கள். பில்லில் வராத செலவை ஒவ்வொரு ஏற்பாட்டிலும் தனியாகச் சொல்கிறேன்.

## ஏற்பாடு 1: வீட்டுக்குப் போய், பார்வை நேரத்தில் வந்து வைத்துக்கொள்வது

பெரும்பாலோர் யோசிக்காமல் விழும் ஏற்பாடு இது. தாய் டிஸ்சார்ஜ் ஆகிறாள், “நீ வீட்ல போய் உடம்பைத் தேத்து” என்கிறார்கள், அவளும் போகிறாள்.

காகிதத்தில் ஒரு மணி நேரம் என்று இருக்கும். உள்ளே போய்க் கை கழுவி, கவுன் மாற்றி, சிஸ்டர் வந்து குழாய்களை ஒதுக்கிப் பிள்ளையை எடுத்துத் தருவதற்குள் இருபது நிமிஷம் போய்விடும். முதல் வாரம் நாங்கள் இதைத்தான் செய்தோம். ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டேன்: பிள்ளை நெஞ்சில் இருந்தது 35 நிமிஷம். அதற்காக பஸ்ஸில் போக வர இரண்டரை மணி நேரம், தையல் காயத்தோடு.

பில்லில் வராத செலவு பால். வீட்டில் பீய்ச்சி, ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுபோவது முடியாத காரியமில்லை. ஆனால் பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பீய்ச்ச மனசு வராது. இரண்டு வாரத்தில் பால் குறைந்துவிடும்.

இது சரியாக வரும் இடமும் உண்டு. தாய்க்கே ரத்தக்கொதிப்போ ஜன்னியோ வந்து படுத்துக் கிடந்தால், அல்லது ஆஸ்பத்திரியில் உட்காரவே இடம் இல்லாதபோது. அப்போதும் ஏற்பாடு 3-லிருந்து கொஞ்சம் கடன் வாங்குங்கள்: குடும்பத்தில் வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம்.

## ஏற்பாடு 2: தாய் ஆஸ்பத்திரியிலேயே தங்குவது

பிள்ளை வார்டுக்கு ஒட்டியே கங்காரு அறை இருக்கிற ஆஸ்பத்திரி என்றால், நேரம், பால் இரண்டுக்கும் இதற்கு ஈடு இல்லை. சாய்வு நாற்காலியிலோ, தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலிலோ, பிள்ளையைக் கட்டிக்கொண்டே உட்காரலாம், சாப்பிடலாம், கண்ணயரலாம். ஒட்டி இருக்கும்போது பாலும் சுரக்கும். பிள்ளைக்கு உறிஞ்சத் தெரியாத நாட்களில் குழாய் வழியாகவோ, பால் புகட்டும் சங்கான பாலாடையிலோ கொடுப்பார்கள். (நம் வீட்டுப் பாலாடைக்கு ஆங்கில மருத்துவப் புத்தகங்களில்கூட அதே பெயர்தான். ஆச்சியிடம் சொன்னபோது, “பிறகு வேற என்னன்னு சொல்லுவாவ?” என்றாள்.)

மறைந்திருக்கும் செலவு தாயின் தூக்கமும் சாப்பாடும். அரசு ஆஸ்பத்திரியில் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக வர வண்டி எல்லாம் இலவசம். தாய்க்குச் சாப்பாடும் உண்டு. ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கணக்கு சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், சிசேரியனுக்கு ஏழு நாள். பிள்ளை முப்பது நாள் கிடக்கும்போது எட்டாம் நாளிலிருந்து என்ன என்பதை முதலிலேயே வார்டில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தனியார் என்றால் பிள்ளைக்கு ஒரு பில், தாய் தங்கும் அறைக்குத் தனி பில். “பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு” என்று மட்டும் கேட்டு அட்மிட் பண்ணினவர்கள் பத்தாம் நாள் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. பத்து நாள் ஒரே நாற்காலியில், மானிட்டர் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பெண் உடைந்துபோவாள். என் தங்கை பன்னிரண்டாம் நாள் பிள்ளையை சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். எங்களுக்குக் கோபம்கூட வந்தது. அவள் அதுவரை தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

## ஏற்பாடு 3: முறை வைத்து மாறி மாறி வைத்துக்கொள்வது

பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு நாங்கள் வந்து சேர்ந்தது இதில். பகல் வெளிச்சத்தில் யோசித்திருந்தால் முதல் நாளே வந்திருப்போம். தாய் தங்கியிருப்பாள், ஆனால் நெஞ்சு ஒன்றே ஒன்று இல்லை. தகப்பன், இரண்டு ஆச்சிகள், பெரியம்மா, சித்தி என்று யார் உடம்பிலும் சூடு இருக்கிறது. மேலே சொன்ன ஐந்து நாட்டு ஆய்விலும் தாயால் முடியாத நேரத்துக்குக் குடும்பத்தில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. தங்கை பகலில் இரண்டு, இராத்திரி ஒன்று என்று மூன்று தடவையாக ஒன்பது மணி நேரம். காலையில் அவள் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கும்போது ஆச்சி மூன்று மணி நேரம். சாயங்காலம் நான் இரண்டு மணி நேரம். பிள்ளையின் அப்பா, எங்கள் அத்தான், பாவூர்சத்திரத்திலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகிறவர், ஆரியங்காவு தாண்டினால் திரும்புவது மறுநாள். லோடு இல்லாத நாளில் நான்கு மணி நேரம். கூட்டினால் 14-லிருந்து 18 மணி நேரம். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தோம். பால் எத்தனை மில்லி என்று எழுதும் நோட்டுத்தான், அதிலேயே இன்னொரு பத்தி.

இதற்குத் தடை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இல்லை, நம் வாயில்தான் இருக்கிறது. “பதினாறு கழியாம ஆம்பளை தொடலாமா?” “மாமியார் வச்சுக்கிட்டா பிள்ளை அம்மா முகம் மறந்துடாதா?” எங்கள் வீட்டில் முதல் கேள்விக்கு ஆச்சியே பதில் சொன்னாள்: “தீட்டெல்லாம் வீட்டுக்கு. இது ஆஸ்பத்திரி.” நான் படித்த எதையும்விட அந்த ஒரு பேச்சுத்தான் வேலைக்கு ஆனது.

ஆஸ்பத்திரி பக்கமும் சிக்கல் உண்டு. பெண்கள் வார்டில் ஆண்களை விடமாட்டார்கள் என்பது பல இடங்களில் நிஜம். சண்டை போடாதீர்கள். இரண்டு பேர் பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அந்த இரண்டு பேர் மட்டும் வருகிறோம் என்று டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். கூட்டமாகப் போய்க் கேட்டால் எங்கும் நடக்காது. அத்தானுக்கு ஒரு ஓரக் கட்டிலைத் திரை போட்டுக் கொடுத்தார்கள், அதுவும் மூன்றாவது தடவை கேட்டபிறகு.

பில்லில் வராத செலவுகள் இங்கே கொஞ்சம் நம் ஊர்த்தனமானவை. முறைக்கு வரும் பெண்கள் பலர் பீடி சுற்றுகிறவர்கள். தட்டை இறக்கி வைத்த நாளுக்குக் கூலி இல்லை. அது ஒன்று. கையிலும் சேலையிலும் புகையிலைத் தூள் ஏறியிருக்கும், அது இரண்டாவது. குளித்து, துவைத்த துணி மாற்றாமல் பிள்ளையைத் தொடக் கூடாது. சளி, காய்ச்சல், தோலில் சிரங்கு இருக்கிறவர்கள் முறையில் சேரவே கூடாது. பீடி, சிகரெட் குடிக்கிற ஆள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வரட்டும். ஆள் கூடக்கூடத் தொற்றும் கூடும் என்பதால் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். அதற்கு மேல் வேண்டாம்.

சின்ன விஷயம் ஒன்று: தாலிச் சங்கிலியில் சேப்டி பின் கோத்து வைத்திருப்பீர்கள். கழற்றிவிடுங்கள். கட்டிக்கொள்ளக் கடைத் துணி தேவையில்லை. தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டி நன்றாகத் துவைத்து நைந்துபோனதாக இருந்தால் அதுவே போதும். பிள்ளையின் தலை ஒரு பக்கமாகத் திரும்பி, கழுத்து மடங்காமல், மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். கால்கள் தவளை மாதிரி மடங்கி இருக்கும். முதல் தடவை சிஸ்டர்தான் வைத்துத் தர வேண்டும்.

இரட்டைப் பிள்ளைகள் என்றால் யோசிக்கவே வேண்டாம், இந்த ஏற்பாடுதான்.

## ஏற்பாடு 4: சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே தொடர்வது

செங்கோட்டைத் தகப்பனின் கேள்வி இது. 1,700 கிராம் என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், தைரியமும் வேண்டாம். பிள்ளை மூச்சுத் தடங்கல் இல்லாமல் இருக்கிறதா, மாரிலோ பாலாடையிலோ குடிக்கிறதா, மூன்று நாளாகத் தொடர்ந்து எடை ஏறுகிறதா, பெட்டிச் சூடு இல்லாமலே உடம்புச் சூடு நிற்கிறதா, தாய்க்குக் கையில் நம்பிக்கை வந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இத்தனைக்கும் ஆமாம் என்றால் வீடு நல்ல இடம்தான். ஹரியானாவில் 8,400 பிள்ளைகளை வைத்து நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், 1.5 கிலோவுக்கு மேல் எடையுள்ள சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இப்படிச் செய்யக் கற்றுக்கொடுத்ததில் ஆறு மாதத்துக்குள் நேரும் இறப்பு கால்பங்கு குறைந்தது. ஆனால் அங்கே சும்மா விட்டுவிடவில்லை. ஆள் வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நம் பக்கம் அந்த இடத்தில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். வீட்டுக்குப் போன அன்றே அவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

வீட்டில் மறைந்திருக்கும் செலவு சொந்தக்காரர்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பிள்ளையை வாங்குவார்கள். “எப்பப் பார்த்தாலும் நெஞ்சுல போட்டு வச்சிருந்தா கைச்சூடு பழகிடும், தொட்டில்ல போடு” என்பார்கள். ஆஸ்பத்திரியில் 16 மணி நேரம் இருந்த பிள்ளை வீட்டில் மூன்று மணி நேரத்துக்கு வந்துவிடும். சாம்பிராணிப் புகை, பவுடர், விறகடுப்பு இருக்கிற அறை, இவை எதுவும் அந்த நுரையீரலுக்கு ஆகாது. சாரல் காலத்தில் கதவிடுக்கு வழியாக வரும் காற்றுக்கே பிள்ளை குளிர்ந்துவிடும். வயிறு சூடாக இருந்து கால் சில்லென்று இருந்தால் குளிர் ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நெஞ்சில் போடுங்கள்.

பால் குடிக்க மறுத்தால், மூச்சு வேகமாக ஓடினாலோ விட்டுவிட்டு வந்தாலோ, உள்ளங்கால்வரை மஞ்சளாக இருந்தால், நெஞ்சில் வைத்தும் சூடு ஏறாவிட்டால், 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியிலும் பிள்ளை நெஞ்சில்தான் இருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | 1. போய் வருவது | 2. தாய் தங்குவது | 3. முறை வைப்பது | 4. வீட்டில் தொடர்வது |
|---|---|---|---|---|
| நாளுக்குக் கிடைக்கும் நேரம் | 1 மணி நேரமே கஷ்டம் | 8–12 மணி | 14–18 மணி | வீட்டு ஆட்களைப் பொறுத்தது |
| பால் | குறையும் | நன்றாக இருக்கும் | நன்றாக இருக்கும் | நன்றாக இருக்கும் |
| தாயின் உடம்பு | அலைச்சல் | தூக்கமே இல்லை | தாங்கும் | உதவி இருந்தால் தாங்கும் |
| தொற்று | நெஞ்சு நேரம் குறைவு, பாதுகாப்பும் குறைவு | குறைவு | ஆள் எண்ணிக்கையில் கவனம் | வருகிறவர்களைத் தடுத்தால் குறைவு |
| மறைந்த செலவு | பஸ், நேரம், பால் | சாப்பாடு, அறை, மூத்த பிள்ளை | விட்டுப்போன கூலி | சொந்தக்காரர்கள், கண்காணிப்பு, பரிசோதனைக்குப் போய்வருவது |

நேரக் கணக்கு நான் பார்த்த குடும்பங்களை வைத்துப் போட்டது.

## மலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

எல்லையில் இருப்பதால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். புனலூர், திருவனந்தபுரம் போகலாமா, திருநெல்வேலி போதுமா? டாக்டர் எங்கே அனுப்புகிறாரோ அதுதான் முதல். இரண்டு இடமும் ஒன்றுதான் என்று அவர் சொன்னால் ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவு செய்யுங்கள்: முறைக்கு வரும் ஆள் எந்த ஊருக்கு தினமும் வந்து போக முடியும்? பெரிய ஆஸ்பத்திரி என்று நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால், தாய் தனியாகக் கிடப்பாள். கேரளத்தில் கூட இருக்கும் ஆளை பைஸ்டாண்டர் என்பார்கள். எத்தனை பேருக்கு அனுமதி, ஆண் வரலாமா என்று சேரும்போதே கேளுங்கள். நம் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதையும் வண்டி ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

## யாருக்கு எது

அந்தப் புளியரைப் பெண்ணிடம் நான் சொன்னது: டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொள், ஆனால் வீட்டுக்குப் போகாதே. தங்க இடம் கேள். உன் அம்மா பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் எழுதிக் கொடு. மூத்தவன் ஒரு மாதம் பெரியம்மா வீட்டில் இருந்தால் கெட்டுப்போய்விட மாட்டான். துணைக்கு ஆளே இல்லாத பெண் என்றால் ஏற்பாடு 2-ல் தொடங்கி, பிள்ளை தேறியதும் டாக்டரோடு பேசி 4-க்குப் போவது நல்லது. அவள் ஒற்றை ஆளாக 17 மணி நேரம் வைத்தாக வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆறு மணி நேரம் முடிந்தால் ஆறு. அதை விடாமல் தினமும்.

பிள்ளைக்கு மூக்கில் சிபாப் (மூச்சுக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் குழாய்) இருக்கிறதே, டிரிப்ஸ் ஓடுகிறதே என்று தயங்குவார்கள். அது இருந்தாலே நெஞ்சில் வைக்கக் கூடாது என்று இல்லை. 2021 ஆய்வில் சிபாப்போடு இருந்த பிள்ளைகளும் உண்டு. எப்போது என்பதை டாக்டர் சொல்வார். நாம் செய்ய வேண்டியது, “இன்னைக்கு வைக்கலாமா?” என்று ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் கேட்பது.

எப்போது நிறுத்துவது என்றும் கேட்கிறார்கள். பிறந்திருக்க வேண்டிய நாள் நெருங்கி, எடை இரண்டரை கிலோவை ஒட்டும்போது பிள்ளையே சொல்லிவிடும். எங்கள் பிள்ளை ஒருநாள் அத்தான் நெஞ்சில் கையைக் காலை உதைத்து, வேட்டிக் கட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி ஓயாமல் கத்தினாள். இறக்கித் தொட்டிலில் போட்டதும் தூங்கிவிட்டாள். அத்தான்தான் கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைப் போடாமலே உட்கார்ந்திருந்தார்.